பார்க்கும் கடன்

தார்மீகப் பிரச்னைகளைப் பற்றி எழுதும் தத்துவவாதிகளோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. பிரச்னையைத் தயார்செய்து நம் முன் வைக்கும்போதே அவர்கள் பாதி விஷயத்தை வெளியே தள்ளிவிடுகிறார்கள். பிலிப்பா ஃபுட் 1967இல் எழுதிய கட்டுரையில் வரும் டிராம் வண்டி பலருக்கும் தெரிந்திருக்கும். ஓட்டுநரால் வண்டியை நிறுத்த முடியாது. ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், மற்றதில் ஒருவர். எந்தப் பக்கம் திருப்புவது? ஐம்பது வருஷங்களுக்கு மேலாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வண்டிக்கு ஏன் பிரேக் பிடிக்கவில்லை, தண்டவாளத்தில் ஆள் நிற்பது தெரிய ஒரு விளக்குகூட ஏன் இல்லை என்று கேட்பவன் தத்துவம் தெரியாதவனாகிவிடுகிறான். 1977இல் ஜான் டாரெக் எண்ணிக்கை பொருட்டுதானா என்ற கேள்வியை எழுப்பினார். அவருடைய உதாரணம் மருந்து. ஒருவருக்கு முழு மருந்தும் வேண்டும். வேறு ஐந்து பேருக்கு ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். ஐந்து சாவுகளையும் சேர்த்து அனுபவிக்கிற ஒருவர் எங்கும் இல்லை, எனவே சாவுகளைக் கூட்டல் கணக்காக்காதீர்கள் என்கிறார். கூர்மையான வாதம். ஆனால் மருந்து இவ்வளவுதான் என்பதை அவரும் கேள்வியில்லாமல் எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்.

கொடுக்கப்பட்ட நிலைமை என்று நாம் எடுத்துக்கொள்வதில் எவ்வளவு உண்மையிலேயே கொடுக்கப்பட்டது, எவ்வளவு நாம் பார்க்காமல் விட்டதன் விளைவு? இந்தக் கேள்வியைச் சூனியத்தில் வைத்துப் பேசப் பிடிக்கவில்லை. கையடக்கமான ஒரு கருவியை வைத்துப் பேசலாம். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தம், மெல்லிய குழல் ஒன்று, ஒரு கைபேசி. இவற்றைக் கொண்டு கேமரூன் கிராமங்களில் நடந்ததைப் பார்த்தால் டிராம் வண்டியைப் பற்றிய என் சண்டைக்கு நியாயம் உண்டா என்பது தெரியும்.

மத்திய ஆப்பிரிக்காவில் இரண்டு வகைப் புழுக்கள் ஒரே உடம்பில் குடியிருக்க முடியும். ஒன்று, வேகமாக ஓடும் ஆறுகளில் உற்பத்தியாகும் சின்னக் கறுப்பு ஈ கடித்துப் பரவுவது. இதன் நுண்புழுக்கள் தோலிலும் கண்ணிலும் செத்துச் செத்து, வருஷக்கணக்கில் பார்வையை அரித்துவிடும். ஆற்றுக் குருடு என்று நோய்க்குப் பெயர். ஐவர்மெக்டின் என்ற மாத்திரை அதற்கு உண்டு. மெர்க் கம்பெனி 1987இல் இந்த நோய்க்கு அதை இலவசமாகத் தருவதாக அறிவித்து, அதன்படி தந்துவருகிறது. மாத்திரை தாய்ப்புழுவைக் கொல்லாது, நுண்புழுக்களைத்தான் ஒழிக்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறையாவது, பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு, ஊரே சேர்ந்து விழுங்க வேண்டும். மற்றது லோவா லோவா. பகலில் கடிக்கும் காட்டு ஈ ஒன்றால் வருவது. வளர்ந்த புழு சில சமயம் கண்ணின் வெள்ளையில் நெளிந்து கடப்பதை, உடையவரே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். ஆளைக் கொல்லாத புழு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆனால் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இதன் நுண்புழுக்கள் 30,000க்கு மேல் இருக்கிற ஒருவர் ஐவர்மெக்டினை விழுங்கினால், அவை கூட்டமாகச் சாவதில் மூளை பாதிக்கப்பட்டு, நினைவிழந்து, இறந்தும் போகலாம்.

ஃபுட்டின் டிராம் இங்கே ஸ்தூலமாகிவிடுகிறது. மாத்திரையை ஊருக்கெல்லாம் கொடுத்தால் பல கண்கள் தப்பும்; எவரோ ஒருவர் சாகக்கூடும். யார் அவர் என்பது முன்கூட்டித் தெரியாது. கொடுக்காவிட்டால் மாத்திரையால் யாரும் சாகமாட்டார்கள். நோய் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். கேமரூனில் ஒகோலா என்ற சுகாதார மாவட்டத்தில் இப்படிச் சாவுகள் நேர்ந்து, 1999இல் மாத்திரை வினியோகம் நிறுத்தப்பட்டது. பொதுவில் ஒரு கணக்கு நடைமுறைக்கு வந்தது. லோவா பரவியுள்ள பகுதிகளில், ஆற்றுக் குருடு கடுமையாக உள்ள ஊர்களில் ஆபத்தைவிட நன்மை அதிகம் என்பதால் கண்காணிப்போடு கொடுப்பது. லேசாக உள்ள ஊர்களில் கொடுக்காமல் விடுவது.

இந்தக் கணக்கைப் போட்டவர்களை ஈரமற்றவர்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. அவர்கள் கையில் வேறொன்றும் இல்லை. ஆனால் கணக்கின் சொரூபத்தைக் கவனிக்க வேண்டும். கடுமையான ஊரில் இருப்பவன், தன் உடம்பில் ஆற்றுக் குருட்டுப் புழு ஒன்றுகூட இல்லாமலே, ஊர் நன்மைக்காக மாத்திரையை விழுங்கிச் செத்துப்போகலாம். லேசான ஊரில் இருப்பவன், நோய் தன் தோலில் ஊர்ந்துகொண்டிருந்தாலும், தன்னைப் போன்றவர்கள் அந்த ஊரில் போதுமான எண்ணிக்கையில் இல்லாத காரணத்தால் மருந்தின்றி இருக்க வேண்டும். இருவர் விஷயத்திலும் முடிவு செய்தது அவர்கள் ரத்தத்தில் இருப்பது அல்ல, அவர்களுடைய ஊர்ப்பெயர்.

லோவாவை எண்ணும் வழி முன்பு இல்லாமலில்லை. ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, உலர்த்தி, சாயமேற்றி, பழகிய ஒருவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ண வேண்டும். ஓர் ஆளுக்கு இது சரி. ஆயிரக்கணக்கான பேருக்கு, அவரவர் ஊரில், அன்றைக்கே, மாத்திரை வாயில் விழுமுன் என்றால் நடக்காது. நடக்காது என்பதையே நிலைமை என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் கணக்கு எழும்பியிருந்தது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டேனியல் ஃப்ளெட்சரின் பரிசோதனைக்கூடம் 2009இல் கைபேசிக் காமெராவோடு மைக்ராஸ்கோப் லென்ஸுகளை இணைத்துக் காட்டியது. அதே கூடத்திலிருந்து 2015இல் லோவாவுக்கென்றே ஒரு கருவி வெளிவந்தது. லோவாஸ்கோப் என்று பெயராயிற்று. ரத்தம் நிரம்பிய தட்டையான குழலைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் செருகினால், பெட்டியே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொடுக்க, மேலே இருக்கும் கைபேசி சில விநாடிகள் நீளமுள்ள படங்களை எடுக்கும். சாயம் கிடையாது, உலர்த்தல் கிடையாது. எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது, இந்தக் கருவி புழுவின் உருவத்தைத் தேடுவதில்லை என்பது. புழு நெளியும்போது சுற்றியுள்ள சிவப்பணுக்கள் தள்ளப்பட்டு இடம் மாறுகின்றன. அந்தச் சலனத்தைக் கண்டு, அதிலிருந்து எண்ணிக்கையைக் கணிக்கிறது. மூன்று நிமிஷத்துக்குள் எண் வந்துவிடும். (நம் விமர்சகர்களுக்கும் இந்த முறையைச் சிபாரிசு செய்வேன். கவிதையை உலர்த்திச் சாயமேற்றி உறுப்புகளை எண்ணுவதற்குப் பதில், அது உயிரோடிருக்கும்போது சுற்றிலும் எது நகர்கிறது என்று பார்க்கலாம்.)

2015 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இதை எடுத்துக்கொண்டு, ஜோசஃப் காம்ஞோ என்ற கேமரூன் மருத்துவரும் அவருடைய சகாக்களும் அதே ஒகோலாவுக்குத் திரும்பிப் போனார்கள். லோவா நுண்புழுக்கள் பகலில்தான் மேல்தோல் ரத்தத்துக்கு வரும் என்பதால் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை சோதனை. 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 22,842 பேர். அவர்களில் 16,259 பேர் விரலை நீட்டினார்கள். மில்லிலிட்டருக்கு 20,000க்கு மேல் நுண்புழு இருந்தால் மாத்திரை இல்லை என்று கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு மேல் இருந்தவர்கள் 340 பேர். கர்ப்பம், நோய் முதலிய காரணங்களால் விலக்கப்பட்டவர்கள் 397 பேர். மீதி 15,522 பேர் விழுங்கினார்கள். ஆறு நாட்கள் கண்காணித்தார்கள். கடுமையான விளைவு ஒருவருக்கும் இல்லை.

தத்துவப் பிரச்னைக்கு விடை கிடைத்துவிட்டதா? கிடைக்கவில்லை. எத்தனை கண்களுக்கு ஓர் உயிர் ஈடு என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அதைக் கேட்டுத்தான் தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒகோலாவில் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். தத்துவ ஆசிரியர் இதை ஏமாற்று என்பார். வண்டிக்கு பிரேக் போட்டுவிட்டால் என் உதாரணம் என்ன ஆவது என்பார். அவருடைய உதாரணத்தைக் காப்பாற்றுவது என் வேலை அல்ல. என் நிலை இது: எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கடமைக்கு முன்பாகவே, நிலைமையைப் பார்த்துவிட்டாயா என்று ஒரு கடமை இருக்கிறது. தார்மீகச் சங்கடங்கள் என்று நாம் பெருமையோடு அலசும் பலவற்றில் சங்கடம் இருப்பது பார்க்காமையில். அதற்குச் சோகநாடகத்தின் கௌரவத்தைக் கொடுத்துவிட்டால் பார்க்க வேண்டிய வேலை மிச்சம். கருவி செய்கிறவனுடைய வேலையை அறவியலுக்கு வெளியே, ஏதோ மெக்கானிக் வேலையாக வைத்திருப்பதும் இந்தச் சௌகரியத்துக்காகத்தான்.

பார்க்காமல் கொடுப்பது எப்போதும் தவறு என்றும் ஆகாது. நம் ஊர்ப் பக்கம் யானைக்கால் நோய்ப் புழு இதற்கு நேரெதிர். இரவில்தான் ரத்தத்தில் மேலே வரும். அதனால் சுகாதாரத் துறையினர் இரவில் வீடு வீடாக வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போவது பலர் நினைவில் இருக்கும். பின்னர் யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று பாராமல் ஊர் முழுவதற்கும் வருஷம் ஒரு முறை டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முறை வந்தது. 2004 முதல் நாடு தழுவிய திட்டமாயிற்று. இங்கே லோவாவும் இல்லை, ஆற்றுக் குருடும் இல்லை. அவை இருக்கும் உடம்பில் இதே மாத்திரை அபாயமானது. இங்கே பாராமல் கொடுத்ததில் பெரிய குற்றம் இல்லை, பார்க்காததற்கு இங்கே யாரும் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒகோலாவில் கொடுக்க வேண்டியிருந்தது. பார்க்கும் கடன் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை.

இனி அந்த 340 பேர். இந்தக் கருவியைப் புகழ்கிறவர்கள் இவர்களிடம் வந்தவுடன் வேகமாகப் பேசிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்கள். இவர்கள் ஓர் எண்ணோடு போனார்கள். 1999க்கு முந்தைய முறையில் இவர்களில் சிலர் செத்திருப்பார்கள் என்பதால் எண் இவர்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் காப்பாற்றிய விதத்தில் ஒரு புது உறவு உண்டாகிவிட்டது. முன்பு யாரோ ஒருவர் என்பதற்கு முகம் கிடையாது. இப்போது முகமும் பெயரும் உண்டு, இன்ன வீட்டில் இருக்கிறார் என்பதும் தெரியும். தெரிந்த பிறகும் அவரை விட்டுவிட்டுப் போவது, தெரியாமல் விட்டுவிட்டுப் போவதைப் போன்றதல்ல. அதிலும், லோவா தொல்லைதான், கொல்லாது என்ற பழைய நம்பிக்கையும் நிற்கவில்லை. கிழக்கு கேமரூன் கிராமங்களில் 2001இல் ரத்தம் பார்க்கப்பட்டவர்களைப் பின்னால் தேடிப்போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நுண்புழுக்கள் அதிகம் இருந்தவர்களிடையே சாவும் அதிகம் என்றது. மாத்திரையிலிருந்து காப்பாற்றப்பட்டவர் புழுவோடு விடப்படுகிறார்.

அவர்களில் ஆற்றுக் குருடும் சேர்ந்து உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆற்றுக் குருட்டுப் புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. லோவாவுக்குள் அது இல்லை. டாக்ஸிசைக்ளின் அந்த பாக்டீரியாவைக் கொன்று அதன் வழியாகத் தாய்ப்புழுவையே தீர்க்கும். லோவா கூட்டமாகச் சாகாது, மூளைக்கு ஆபத்து இல்லை. ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் தினமும் விழுங்க வேண்டும். தினமும் என்றால் ஞாபகப்படுத்த, கண்காணிக்க, வயிற்றைப் புரட்டுகிறது என்று சொன்னால் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சோதனை மூன்று நிமிஷமாகச் சுருங்கியிருக்கிறது. சிகிச்சை ஆறு வாரமாகவே இருக்கிறது. இந்தத் துறையைப் பற்றிய பேச்சு முழுக்க விலைக் குறைவைச் சுற்றியே வருவது எனக்குச் சந்தேகமூட்டுவது இதனால்தான். மலிவாகிக்கொண்டிருப்பது அறிதல் மட்டும்தான். அறிந்தபின் செய்ய வேண்டியதன் விலை இறங்கவில்லை.

ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸின் குழு 2007இல் காகிதத்தில் நீர் ஒட்டாத கரைகளை வரைந்து, சிறுநீர் தானாகவே ஊறிச் செல்லும் வாய்க்கால்களை உண்டாக்கியது. வாய்க்கால் முடிவில் நிறம் மாறினால் சர்க்கரை, புரதம் எவ்வளவு என்று தெரியும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 2008இல் அந்த நிறத்தைக் கைபேசியில் படமெடுத்துத் தொலைவில் உள்ள நிபுணருக்கு அனுப்பலாம் என்று காட்டினார்கள். அழகான யோசனை. ஆனால் இதில் பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் முழுக்கப் பிரிந்துவிடுகிறார்கள். நாடி பிடித்த கை, பிடித்த பிறகு வெறுமனே எழுந்து போய்விட முடியாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிறத்தின் படத்தைப் பார்க்கிற நிபுணருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. கைபேசியே தீர்ப்புச் சொல்லும்போது எதிரே முகம் என்று யாருமே இல்லை.

இந்தப் பிரிவினால் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு ருவாண்டாவைப் பார்க்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாமுவேல் சியாவின் குழு 2015இல் வெளியிட்டது, கைபேசியின் காதொலிக் குழியில் செருகும் ஒரு சின்னப் பெட்டி. மின்சாரம் கைபேசியிலிருந்து, ரத்தத்தை வாய்க்காலுக்குள் இழுக்கக் கையால் அமுக்கும் குமிழ். எச்.ஐ.வி.யையும் சிஃபிலிஸையும் ஒரே துளியில் 15 நிமிஷத்தில் சொல்லும். பெட்டியின் உற்பத்திச் செலவு 34 டாலர். ருவாண்டாவில் 96 பேரிடம், தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் போகாமல் தடுக்கும் கிளினிக்குகள் முதலிய இடங்களில், சுகாதார ஊழியர்களே சோதித்தார்கள். கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் என்றால் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. பென்சாதீன் பென்சிலின் ஊசி. பழைய மருந்து, மலிவான மருந்து. மலிவாக இருப்பதே அதற்கு வினையாயிற்று. லாபம் இல்லாததால் அதன் மூலப்பொருளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகள் ஒரு சிலவாகச் சுருங்கி, 2010களின் நடுவில் பல நாடுகளில் தட்டுப்பாடு. கைபேசிப் பெட்டிக்குப் பணம் போட ஆள் இருக்கிற உலகத்தில் பென்சிலினைத் தயாரிக்க ஆள் இல்லை. அலமாரியில் ஊசி இல்லாத நாளில் அந்த 15 நிமிஷம் யாருக்காக?

சிகிச்சை இல்லையென்றால் சோதிக்காதே என்று இதற்கு ஒரு பதில் ரொம்ப நாளாக இருக்கிறது. 1968இல் வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நெறிகளில், நோயைத் தேடிக் கண்டுபிடிக்குமுன் அதற்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும், அதைத் தரும் வசதி இருக்க வேண்டும் என்பவை இடம்பெறுகின்றன. பொறுப்புள்ள பேச்சு. ஆனாலும் என்னால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. உனக்கு உதவ முடியாது, ஆகவே உனக்குச் சொல்லவும் மாட்டேன் என்பதில் ஒரு அதிகாரத் தொனி இருக்கிறது. மருந்து இல்லாதவனுக்கும் தன் உடம்பின் சேதி சொந்தம். நிலத்தை யார் பேருக்கு எழுதுவது, மகளை எப்போது வரச்சொல்லி எழுதுவது என்பதையெல்லாம் அவன் அதைக் கொண்டு தீர்மானிக்கலாம். நான் கேட்பது வேறு. சேதியைச் சொல்லிவிட்டதோடு கணக்குத் தீர்ந்தது என்று சொன்னவன் போகக்கூடாது. அறிந்தவன் மேல் கடன் ஏறுகிறது. அதைச் சோதிக்கப்பட்டவன் தலையில் மாற்றிவைத்து, இனி உன் ஆரோக்கியம் உன் கையில் என்று புன்னகை செய்வதுதான் இன்றைய விற்பனைத் தந்திரம்.

இந்தக் கடனுக்குச் சட்டத்தில்கூட இடம் தேட வேண்டியிருக்கிறது. சில துளி ரத்தத்தில் எல்லாம் சொல்வதாகக் கிளம்பிய தெரானோஸ் கம்பெனி 2003இல் தொடங்கி 2018இல் கலைந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்க ஜூரி அதன் தலைவி எலிசபெத் ஹோம்ஸை முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றச்சாட்டுகள் நான்கில் குற்றவாளி என்றது. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று சொல்லவில்லை. சாட்சியம், சட்ட நுணுக்கம் என்று காரணங்கள் இருக்கும். இருந்தாலும் தப்பான எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு என்ன கடன் என்பது அந்தத் தீர்ப்பில் பதிவாகவில்லை.

ஒகோலா இதற்கெல்லாம் மேலே நிற்பது அங்கே பார்த்தவர்கள் அந்த இடத்திலேயே நின்றதால். எண் வந்த கையோடு மாத்திரை, அல்லது மாத்திரை இல்லை என்ற வார்த்தை. அதைச் சொன்ன ஆள் எதிரிலேயே இருந்தார். மாத்திரை விழுங்கியவர்களை ஆறு நாட்கள் கவனித்தார்கள். கருவியின் சாதுர்யத்தைப் போலவே இந்த ஆறு நாட்களும் கணக்கில் சேர வேண்டும். விளம்பரங்களில் சேர்வதில்லை, ஆறு நாள் ஓர் ஊரில் இருப்பதை யாரும் கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டார்கள்.

அப்புறம் இன்னொரு எண் இருக்கிறது. 22,842 பேரில் 16,259 போக மீதி 6,583. இவர்கள் விரலை நீட்டவே இல்லை. யார் அன்றைக்குக் காட்டில் வேலையாக இருந்தார், யார் ஊரில் இல்லை, யார் 1999இல் விழுங்கிவிட்டுச் செத்த உறவுக்காரனை நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார் என்பது இந்த எண்ணிலிருந்து தெரியாது. சாத்தியவரிடம் போய், இப்போது எங்களிடம் பார்க்கும் கருவி இருக்கிறது, இனி பயமில்லை என்று சொல்லலாம். போன தடவை பார்க்காமலே கொடுத்தீர்களா என்று அவர் கேட்பார்.